வாசகர் கேள்விகள்: சுழலாத பந்தும் ஹாய்ட் வில்ஹெல்மும்

சென்ற இதழில் திண்டுக்கல் வாசகர் ஒருவர், "முப்பது வயதை நெருங்கிய பிறகு பெரிய ஆட்டத்துக்கு வந்து, அப்புறமும் நிலைத்து நின்ற விளையாட்டு வீரர் யாராவது உண்டா?" என்று கேட்டிருந்தார். அமெரிக்க பேஸ்பாலில் ஹாய்ட் வில்ஹெல்ம் என்று ஒரு ரிலீஃப் பிட்சர் இருந்தார், முதல் ஆட்டம் 29 வயதில், கடைசி ஆட்டம் 49 வயதில் என்று இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க அவருக்கே. எனக்கு இதில் சந்தோஷம்தான், பல வருடமாக மனதில் வைத்திருக்கும் ஆள் அவர்.

ரிலீஃப் பிட்சர் என்றால் என்ன சார்? எங்கள் வீட்டில் யாருக்கும் பேஸ்பால் தெரியாது. கிரிக்கெட் மட்டும்தான் பார்ப்போம்.
*வாசகி, கோவை*

கிரிக்கெட் தெரிந்தால் போதும், பாதி தூரம் வந்துவிட்டீர்கள். பேஸ்பாலில் ஒரு ஆட்டம் 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் மாறி மாறி பேட் செய்யும், மூன்று பேர் அவுட்டானால் அந்த அணியின் முறை முடிந்தது. பந்து போடுபவர்தான் பிட்சர். நம் ஆட்டத்தில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவார், அங்கே அப்படி இல்லை, ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே தொடர்ந்து எறிந்துகொண்டிருப்பார். அவர் களைத்துப்போனாலோ, அடி வாங்க ஆரம்பித்தாலோ, மேனேஜர் மைதானத்துக்குள் நடந்து வந்து அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். மாற்றாள் வருவார். அந்த மாற்றாள்தான் ரிலீஃப் பிட்சர். வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, மாற்றாள் எப்போது வருகிறார் என்பது. ரன் எடுக்க பேட் செய்பவர் நான்கு பேஸ்களை, அதாவது நான்கு மூலை நிலைகளை, வரிசையாகத் தொட்டு ஓடி வர வேண்டும். எதிரணி ஆட்கள் இரண்டு பேஸில் நிற்கிறார்கள், ஒரு ரன் வித்தியாசம், கூட்டம் கத்திக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கூப்பிட்டு "போ, போய் சமாளி" என்பார்கள். அந்தச் சிக்கலை உண்டாக்கியவர் வேறு ஒருவர், அதைத் தீர்க்க வேண்டியவர் இவர்.

1950-களில் இந்த வேலைக்குப் பெரிய மதிப்பு கிடையாது. 9 இன்னிங்ஸையும் ஒரே ஆளாக எறிந்து முடிப்பவர்தான் நல்ல பிட்சர் என்று எண்ணிய காலம் அது. தொடக்கத்தில் எறிய லாயக்கில்லாதவர், வயதாகிவிட்டவர், புதுப் பையன், இவர்களைத்தான் ரிலீஃபுக்கு வைப்பார்கள். விதிவிலக்காக பிலடெல்பியா அணியின் ஜிம் கான்ஸ்டாண்டி 1950-ல் 74 ஆட்டங்களில், எல்லாமே ரிலீஃபாக வந்து, நேஷனல் லீகின் (பெரிய ஆட்டத்தின் இரண்டு லீகில் ஒன்று, மற்றது அமெரிக்கன் லீக்) மிக மதிப்புமிக்க வீரர் விருதையே வாங்கினார். ஆனாலும் பொதுவான எண்ணம் மாறவில்லை. முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுப்பதற்கு 'சேவ்' என்று ஒரு கணக்கு உண்டு. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் எடுத்துச் சொன்ன பிறகு, 1969-ல்தான் அது அதிகாரபூர்வமானது. அதாவது வில்ஹெல்ம் வந்து 17 வருடம் கழித்து. அதுவரை அவர் செய்த வேலைக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்திகூட இல்லை.

29 வயதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? திறமை இருந்தால் அதற்கு முன்பே யாராவது கண்டுபிடித்திருக்க மாட்டார்களா?
*வாசகர், நாகர்கோவில்*

கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். நடுவில் போர் வந்தது, அதற்கு மேல் அவர் எறிந்த பந்தை யாரும் நம்பவில்லை.

வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகருக்குப் பக்கத்தில் ஹண்டர்ஸ்வில் என்ற ஊர். அப்பா குத்தகை விவசாயி, வீட்டில் பதினோரு பிள்ளைகள். 1922-ல் பிறந்தவர். அவர் ஆடிய காலம் முழுக்க 1923 என்றுதான் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், நிஜம் வெளியே வந்தது பிற்பாடு. பள்ளியில் படிக்கும்போதே தன்னால் வேகமாக எறிய முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அப்போது ஒரு செய்தித்தாளில் டச் லெனர்ட் என்ற பிட்சரைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. அவர் நக்கிள்பால் என்ற ஒரு பந்தை எப்படிப் பிடிக்கிறார் என்று படமும் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு பையன் பழக ஆரம்பித்தான். அவ்வளவுதான் அவருடைய பயிற்சிக்கூடம். பத்திரிகையில் வந்த ஒரு படம், ஒரு டென்னிஸ் பந்து.

1942-ல் மூர்ஸ்வில் என்ற சிற்றூர் அணியில் சேர்ந்தார். தொழில்முறை பேஸ்பாலின் ஆகக் கீழ்ப்படி அது. அந்த வருடம் முடிந்ததும் ராணுவம். 1944 டிசம்பரில் ஐரோப்பாவில் ஜெர்மானியப் படை கடைசியாக ஒரு பெரிய தாக்குதல் நடத்தியதே, பல்ஜ் போர், அதில் இருந்தார், காயம்பட்டார். போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கினார். குண்டுச் சிதறல் ஒன்று முதுகிலேயே தங்கிவிட்டது. பின்னால் ஆடிய அத்தனை ஆட்டத்தையும் அந்த உலோகத் துண்டோடுதான் ஆடினார்.

போர் முடிந்து திரும்பியவர் மறுபடி அதே மூர்ஸ்வில்லுக்குத்தான் போனார். 1946, 1947 இரண்டு வருடமும் 20 ஆட்டமாவது ஜெயித்துக் கொடுத்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி எடுத்துக்கொண்டது, ஆனால் பெரிய அணிக்குள் விடவில்லை, அதன் கீழ் அணிகளிலேயே ஊர் ஊராக வைத்திருந்தது. கடைசியில் இரண்டு வருடம் மினியாபொலிஸ். மெதுவான பந்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வந்தால் பிழைக்க முடியாது என்பதுதான் அந்தக் காலத்துப் பேஸ்பால்காரர்கள் பலருடைய எண்ணம். வேகம் இருப்பவனைப் பழக்கலாம், வித்தை காட்டுபவனை நம்பக் கூடாது. எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கோபம் வரும். அவர் காட்டியது வித்தை கிடையாது, பத்துப் பதினைந்து வருடம் கையில் ஊறிய தொழில்.

1952 ஏப்ரல் 18-ம் தேதி ஜயன்ட்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். மேனேஜர் லியோ டூரோஷர் அவரை ரிலீஃபுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். அந்த வருடம் 71 ஆட்டம், எல்லாமே நடுவில் வந்தவை, 15 வெற்றி, 3 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஈஆர்ஏ என்பார்கள். நம் ஊர் பந்துவீச்சு சராசரி மாதிரி, குறைந்தால் நல்லது. அதில் அவர் 2.43, நேஷனல் லீகிலேயே முதலிடம். புதுமுகம், அதுவும் ரிலீஃப் பிட்சர், அந்தப் பட்டியலில் தலையில் நிற்கிறார்! ஆனால் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது புரூக்ளின் அணியின் ஜோ பிளாக்குக்குப் போய்விட்டது, இவர் இரண்டாவது. ஜோ பிளாக்கும் ரிலீஃபில் கலக்கிய ஆள்தான், அதனால் அதில் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணா, நான் காலேஜ் டீமில் பௌலிங் போடுகிறேன். நக்கிள்பால் நம் கிரிக்கெட்டிலும் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? எப்படிப் போடுவது?
*மாணவர், சேலம்*

தம்பி, பிடி ஏறக்குறைய ஒன்று, வேலை வேறு.

2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதே வேகத்தில் ஓடி வருவார், கை அதே வேகத்தில் சுற்றும், பந்து மட்டும் மெதுவாக வரும். பேட்ஸ்மேன் முன்கூட்டியே மட்டையை வீசிவிடுவார். அங்கே நக்கிள்பாலின் வேலை ஏமாற்றுவது. எப்போதாவது ஒன்று வந்தால்தான் அதற்கு மதிப்பு.

வில்ஹெல்ம் எறிந்ததில் பெரும்பாலானவை நக்கிள்பால்தான். எதிரே நிற்பவருக்கு அது தெரியும், மைதானத்துக்கு வந்தவர்களுக்கும் தெரியும். அதில் மறைக்க எதுவுமே இல்லை, இருந்தும் அடிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பந்து கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் சாயும் என்று எறிந்தவருக்கே தெரியாது.

போன வருடம் என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு பேஸ்பால் கொண்டுவந்தான். கையில் வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் தோல், சிவப்பு நூலில் தையல், மொத்தம் 108 இரட்டைத் தையல். கிரிக்கெட் பந்தின் தையல் நடுவில் ஒரே வளையமாகப் போகும், இதில் அப்படி இல்லை, ஒரே கோடு பந்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடுகிறது. விரலை ஓட்டினால் மேடு தட்டுகிறது. எல்லா ரகசியமும் அந்த மேட்டில்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் மடக்கி, நகத்தின் நுனியைத் தையலுக்குப் பக்கத்தில் தோலில் அழுத்தினேன். கட்டை விரல் கீழே. பெயரில் நக்கிள் இருந்தாலும், அதாவது விரல் முட்டி, முட்டி பந்தில் படவே இல்லை. ஆரம்ப காலத்தில் சிலர் முட்டியை வைத்து எறிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்படிப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டாமல், தள்ளுவது போல விட வேண்டும். பந்து கையை விட்டுப் போகும்போது சுழலவே கூடாது. அதுதான் கஷ்டம். எதை எறிந்தாலும் கை தானாகவே சுழற்றிவிடுகிறது, அக்கா மகனும் நானும் அன்று மாலை முழுக்க மொட்டைமாடியில் மாறி மாறி எறிந்து பார்த்ததில் ஒரே ஒரு பந்துதான் சுழலாமல் போனது. அது அவன் கைக்கு வருவதற்கு முன்னால் சட்டென்று கீழே இறங்கியது, இரண்டு பேருக்கும் மூச்சே நின்றுவிட்டது.

ஏன் அப்படி ஆகிறது? சுழலும் பந்து காற்றில் ஒரே சீராக வளையும், பேட்ஸ்மேன் பழகிக்கொள்ளலாம். சுழலாத பந்தில் ஒரு பக்கம் தையல் மேடு காற்றைக் கலைக்கிறது, இன்னொரு பக்கம் வழவழ தோல் அப்படியே விடுகிறது. அதனால் பந்தை ஒரு பக்கமாக ஒரு விசை தள்ளும். பந்து போகிற வழியில் கொஞ்சமே கொஞ்சம் திரும்பினாலும், முழுசாக ஒரு சுற்றுகூட வேண்டாம், தையல் வேறு இடத்துக்கு வந்து விசையும் வேறு பக்கம் மாறிவிடும். பிட்சருக்கும் பேட்ஸ்மேனுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர், அவ்வளவு தூரத்துக்குள் இத்தனையும் நடக்கும். பிட்ச் ஆகி எழும்பும் பந்து இல்லை இது, முழுக்க முழுக்கக் காற்றிலேயே.

நீங்கள் பழக வேண்டுமென்றால் அவர் செய்த மாதிரி டென்னிஸ் பந்தில் ஆரம்பியுங்கள். பந்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், சுழல்கிறதா இல்லையா என்று எதிரே நிற்பவர் சொல்லிவிடலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள்.

எறிபவருக்கே எங்கே போகும் என்று தெரியாத பந்தைப் பிடிப்பவர் கதி என்ன?
*வாசகர், திருச்சி*

நல்ல கேள்வி. அவருடைய கதையில் பாதி, பின்னால் குந்தி உட்கார்ந்திருந்த கேட்சர்களின் கதை.

பேஸ்பாலில் கேட்சர் பிடிக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டால், பேஸில் நிற்கும் எதிரணி ஆள் அடுத்த பேஸுக்கு ஓடிவிடலாம். நம் ஆட்டத்தில் பை ஓடுவது போல. அதை 'பாஸ்ட் பால்' என்று கேட்சர் பெயரில் எழுதுவார்கள். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு, மூன்றாவது ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்றாவது முறையும் தவறவிட்டு, பேட்ஸ்மேன் தோற்றுவிட்டாலும், கேட்சர் பந்தைச் சுத்தமாகப் பிடிக்காவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தால், அந்த பேட்ஸ்மேன் ஓடிப் பிழைத்துக்கொள்ளலாம். பிட்சர் தன் வேலையைப் பிரமாதமாகச் செய்துவிட்டார், அந்தப் பிரமாதத்தாலேயே ஆள் அவுட் ஆகாமல் போகிறார்.

1954 செப்டம்பர் 10-ம் தேதி ஜயன்ட்ஸ் கேட்சர் ரே காட், வில்ஹெல்மின் பந்தில் ஒரே இன்னிங்ஸில் நான்கு பாஸ்ட் பால் விட்டார். ஒரு இன்னிங்ஸில் நான்கு! 1959-ல் பால்டிமோர் கேட்சர் கஸ் ட்ரையாண்டோஸ் பெயரில் 28. 1965-ல் சிகாகோவில் ஜே.சி. மார்ட்டின் பெயரில் 33. இருபத்திரண்டு வருடம் கழித்து 1987-ல் டெக்சஸ் அணியின் ஜீனோ பெட்ராலி 35 விட்டு அதைத் தாண்டினார், அவர் பிடித்ததும் சார்லி ஹஃப் என்ற இன்னொரு நக்கிள்பால்காரரின் பந்தைத்தான்.

பால்டிமோர் மேனேஜர் பால் ரிச்சர்ட்ஸ் கேட்சரைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. பெரிய கையுறை ஒன்று செய்யச் சொன்னார். 1960 மே மாதம் கிளின்ட் கோர்ட்னி என்ற கேட்சர் அதை மாட்டிக்கொண்டு இறங்கினார். முறம் மாதிரி இருக்கும், படத்தில் பார்த்திருக்கிறேன், ஆள் உடம்பில் பாதியை மறைக்கிறது. அதில் பந்து வந்து விழுந்தால் தப்பாது, ஆனால் அத்தனை பெரிய உறைக்குள் கைவிட்டுப் பந்தைத் தேடி எடுத்து எறிவதற்குள் திருட்டுத்தனமாக ஓடுகிறவன் அடுத்த பேஸில் நிற்பான். பிற்பாடு விதியே போட்டுவிட்டார்கள், கேட்சர் கையுறையின் சுற்றளவு 38 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று. இன்றும் அதுதான் விதி.

ட்ரையாண்டோஸ் பாவம் என்று தோன்றும். அவரைப் பற்றி அடுத்த பதிலில் இன்னும் ஒன்று சொல்கிறேன், அதைப் படித்தால் உங்களுக்கு அவரைப் பிடித்துவிடும்.

நடுவில் வந்து சமாளித்ததெல்லாம் சரி. ஒரு ஆட்டத்தையாவது முழுசாக எறிந்திருக்கிறாரா?
*வாசகர், சென்னை*

எறிந்திருக்கிறார். எப்படி என்று கேளுங்கள்.

1958 ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணி அவரை வேண்டாம் என்று விட்டுவிட்டது. வயது 36. பால்டிமோர் எடுத்துக்கொண்டது, மேனேஜர் ரிச்சர்ட்ஸ் அவரைத் தொடக்கப் பிட்சராகப் போட்டுப் பார்த்தார். செப்டம்பர் 20, பால்டிமோர் மெமோரியல் மைதானம், தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. எதிரே நியூயார்க் யாங்கீஸ். மிக்கி மேண்டில் இருந்த அணி, அந்த வருடம் உலகத் தொடரையே, அதாவது இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரை, ஜெயித்த அணி. அவர்கள் பக்கம் எறிந்தவர் டான் லார்சன், இரண்டு வருடம் முன்பு உலகத் தொடரில் ஒரு ஆளைக்கூட பேஸ் ஏறவிடாமல் முழு ஆட்டம் எறிந்தவர்.

ஆறு இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கமும் பூஜ்யம். ஏழாவதில் லார்சனுக்குப் பதில் பாபி ஷான்ட்ஸ் வந்தார். பால்டிமோர் பக்கம் ஒரே ஒருவர் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி, அடித்தார். யார் தெரியுமா? கஸ் ட்ரையாண்டோஸ். அன்று முழுக்க அந்தச் சுழலாத பந்துகளை ஈரக் கையுறையில் வாங்கிக்கொண்டிருந்த அதே கேட்சர். அந்த வருடம் அவருடைய 30-வது ஹோம் ரன் அது. அந்த ஒரு ரன்தான் ஆட்டம், 1-0.

வில்ஹெல்ம் இரண்டு பேரை வாக்கில் (நான்கு பந்து வெளியே போனால் பேட்ஸ்மேனுக்கு முதல் பேஸ் இலவசம்) விட்டார், எட்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். யாங்கீஸ் ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்து பேஸ் ஏறுவது, எடுக்கவில்லை. கடைசியாக நின்ற ஹாங்க் பவர் அடித்த பந்து உயரே எழும்பி கைக்குள் விழுந்தது. நோ-ஹிட்டர் என்பார்கள் இதை, பல பெரிய பிட்சர்களுக்கு வாழ்நாளில் ஒன்றுகூட அமையாது. பால்டிமோர் அணி அந்த ஊருக்கு வந்த பிறகு எறியப்பட்ட முதல் நோ-ஹிட்டர் அது. எறிந்தவர் ஒரு மாதத்துக்கு முன்னால் இன்னொரு அணி கழித்துவிட்ட ரிலீஃப் பிட்சர்.

அடுத்த வருடம் 1959-ல் தொடக்கப் பிட்சராகவே நிறைய ஆடி, ஈஆர்ஏ 2.19 எடுத்து அமெரிக்கன் லீகில் முதலிடம். இரண்டு லீகிலும் ஈஆர்ஏ பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். இருந்தாலும் மொத்த வாழ்க்கையில் அவர் ஆடிய 1,070 ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து எறிந்தது 52 மட்டுமே. மறுபடி ரிலீஃபுக்கே போய்விட்டார். என்னைக் கேட்டால் அதுதான் அவருக்குச் சரியான இடம். ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் மட்டும் அந்தப் பந்தைப் பார்க்கும் அணிக்கு அதைப் புரிந்துகொள்ளவே நேரம் இருக்காது.

அவர் ஒரு ஹோம் ரன் அடித்ததாகப் படித்தேன். உண்மையா?
*வாசகர், தூத்துக்குடி*

உண்மை. 1952 ஏப்ரல் 23, பெரிய ஆட்டத்தில் அவர் முதல்முதலாக மட்டை பிடித்த முறை, பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு எதிராக. பந்து வேலிக்கு வெளியே போய்விட்டது. அதன் பிறகு இருபது வருடம் ஆடினார், மொத்தம் 432 முறை, இன்னொன்று வரவே இல்லை.

இவ்வளவு நல்ல ஆள் என்கிறீர்கள். பிறகு ஏன் ஒன்பது அணிக்கு மாறினார்? இவரிடம்தான் ஏதோ குறை இருந்ததோ?
*வாசகி, தஞ்சாவூர்*

இந்தச் சந்தேகம் அவர் காலத்திலும் இருந்தது. ஜயன்ட்ஸ், செயின்ட் லூயிஸ், கிளீவ்லாந்து, பால்டிமோர், சிகாகோ ஒயிட் சாக்ஸ், கலிபோர்னியா, அட்லாண்டா, சிகாகோ கப்ஸ், லாஸ் ஏஞ்சலஸ், ஆக ஒன்பது. நடுவில் கான்சஸ் சிட்டி ஒரு தடவை பட்டியலில் எடுத்து, ஒரு ஆட்டம்கூட ஆட விடாமல் கைமாற்றிவிட்டது.

குறை அவரிடம் இல்லை அம்மா. வயது அதிகம், பந்து மெதுவானது, கேட்சருக்குக் கஷ்டம், இந்த மூன்றையும் பார்த்து ஒவ்வொரு அணியும் "இந்த வருடத்தோடு முடிந்துவிடும்" என்று கணக்குப் போட்டது. முடியவே இல்லை. நக்கிள்பால் தோளை வாட்டாது, முழு பலத்தையும் போட்டு எறியத் தேவையில்லை. மற்றவர்கள் 35 வயதில் தோள்பட்டை போய் வீட்டுக்குப் போகும்போது இவருக்கு நல்ல காலம் அப்போதுதான் ஆரம்பித்தது. 1963-ல் பால்டிமோர் அவரை ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்தது, அப்போது 40 வயது. அங்கே 1964-லிருந்து 1968 வரை அவருடைய ஈஆர்ஏ என்ன தெரியுமா? 1.99, 1.81, 1.66, 1.31, 1.73. நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தாறு வயது வரை! அந்தக் காலம் பொதுவாகவே பிட்சர்களுக்குச் சாதகமாக இருந்தது என்பது உண்மை, 1968 முடிந்ததும் பிட்சர் நிற்கும் மேட்டையே தணித்துவிட்டார்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஐந்து வருடம் தொடர்ந்து இரண்டுக்குக் கீழே என்பது எங்கேயும் எளிதில் பார்க்க முடியாதது. 1964-ல் ஒயிட் சாக்ஸ் 98 ஆட்டம் ஜெயித்து, ஒரே ஆட்டத்தில் யாங்கீஸிடம் லீக் பட்டத்தை விட்டது. அதில் 73 ஆட்டங்களில் இவர் இறங்கியிருந்தார்.

எனக்கு மனம் ஆறாதது ஒன்று இருக்கிறது. உலகத் தொடரில் அவர் ஆடியது 1954-ல் மட்டும், ஜயன்ட்ஸ் கிளீவ்லாந்தை நாலுக்கு பூஜ்யம் என்று ஜெயித்த தொடர். அப்புறம் பதினைந்து வருடம் கழித்து 1969 செப்டம்பரில் அட்லாண்டா அவரை வாங்கியது. வயது 47. வந்தவர் 8 ஆட்டங்களில் 2 வெற்றி, 4 சேவ், ஈஆர்ஏ 0.73. அட்லாண்டா தன் பிரிவில் முதலிடம் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போனது. அந்தச் சுற்றில் இவர் ஆட முடியவில்லை. ஆகஸ்ட் 31-க்குப் பிறகு வந்தவர்களுக்கு இடமில்லை என்பது விதி, இவர் வந்தது செப்டம்பர் 8. எட்டு நாள் தாமதம். அட்லாண்டா அந்தச் சுற்றில் மூன்று ஆட்டமும் தோற்றது.

ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு உடனே இடம் கொடுத்துவிட்டார்களா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு*

இல்லை ஐயா. பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான கௌரவ மண்டபம் அது, ஏழு முறை தவறி எட்டாவது முறைதான் அவருக்கு இடம் கிடைத்தது. 1972 ஜூலை 21-ல், ஐம்பது வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது, லாஸ் ஏஞ்சலஸ் அணி அவரை விடுவித்தது. அத்துடன் ஆட்டம் முடிந்தது. 1,070 ஆட்டங்கள், ஈஆர்ஏ 2.52, ரிலீஃபாக வந்து ஜெயித்தது மட்டும் 124, இந்த 124-ஐ இதுவரை யாரும் தாண்டவில்லை. ஆயிரம் ஆட்டத்தில் பந்து போட்ட முதல் ஆளும் அவர்தான், 1970 மே மாதம். 1978-லிருந்து பத்திரிகையாளர்களின் வாக்குச்சீட்டில் பெயர் இருந்தது. 75 சதவீத வாக்கு வேண்டும். 1984-ல் 13 வாக்கில் தவறியது. 1985-ல்தான் கிடைத்தது. ரிலீஃப் பிட்சராக ஆடியவர்களில் அந்த மண்டபத்துக்குள் போன முதல் ஆள். இரண்டாவதாக ராலி ஃபிங்கர்ஸ் போனது 1992-ல். அப்புறம் 2019-ல் மரியானோ ரிவேரா ஒரு வாக்குகூடக் குறையாமல் உள்ளே போனார். அவருக்கு மகிழ்ச்சியோடு எழுந்து நின்ற அதே வாக்காளர் வர்க்கம்தான், இது முழு ஆளின் வேலையா என்று ஏழு வருடம் இவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பந்தை யாருக்காவது சொல்லிக்கொடுத்தாரா? அவரோடு போய்விட்டதா?
*வாசகர், விருதுநகர்*

சொல்லிக்கொடுத்தார். ஆட்டத்தை விட்ட பிறகு கீழ்மட்ட அணிகளில் மேனேஜராகவும், யாங்கீஸின் இளம் பிட்சர்களுக்குப் பயிற்சியாளராகவும் வெகுகாலம் இருந்தார். 2002 ஆகஸ்டில் ஃப்ளோரிடாவில் காலமானார்.

ஆனால் நான் சொல்ல விரும்புவது அதற்கும் முன்னால் நடந்தது. 1967-ல் வில்பர் வுட் என்று ஒரு இடது கைக்காரர் ஒயிட் சாக்ஸுக்கு வந்து சேர்ந்தார். பாஸ்டனிலும் பிட்ஸ்பர்க்கிலும் காலூன்ற முடியாமல் வந்தவர். நக்கிள்பால் கொஞ்சம் தெரியும், ஆனால் மற்ற பந்துகளோடு கலந்து எறிந்துகொண்டிருந்தார். வில்ஹெல்ம் அவருக்குச் சொன்னது ஒன்றுதான், மற்றதையெல்லாம் விடு, இதையே எறி. கற்றுக்கொள்ள வருகிறவனிடம் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? தன் இடத்துக்கே போட்டியாக வருபவன் அவன், அதே அணி, அதே வேலை. வுட் கேட்டுக்கொண்டார். 1971-லிருந்து நான்கு வருடம் தொடர்ந்து 20 வெற்றியாவது எடுத்தார், 1972-ல் மட்டும் 49 ஆட்டங்களைத் தொடக்கத்திலிருந்து எறிந்தார்.

அதற்கெல்லாம் முன்னால் 1968 கோடை. அந்த ஜூலை 24-ல் வில்ஹெல்ம் தன் 907-வது ஆட்டத்தில் இறங்கி, பழைய காலத்துப் பிட்சர் சை யங்கின் 906 ஆட்டச் சாதனையைத் தாண்டினார். இரண்டு நாளில் 46 வயது. அந்த வருடம் அவர் 72 ஆட்டங்களில் எறிந்தார், வுட் 88 ஆட்டங்களில். மாற்றுப் பிட்சர்கள் உட்காரும் அந்த மர பெஞ்சில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், யாருக்கு முதலில் அழைப்பு வரும் என்று காத்துக்கொண்டு.